தெரு காரைக்காலில், கருத்து குவைத்தில்

காரைக்காலுக்குள் நான் நுழைந்தது ஒரு வேனைத் தள்ளிக்கொண்டு.

நாகூரில் ஏறிய ஷேர் வேன் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. டீசல் தீர்ந்துவிட்டது. சற்று முன்புதான் ஒரு பங்க்கைக் கடந்து வந்திருந்தோம். “அங்கேயே போட்டிருக்கலாமே தம்பி?” என்று கேட்டேன். டிரைவர் என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“அது தமிழ்நாட்டு ரேட்டும்மா. எல்லையத் தாண்டுனா புதுச்சேரி ரேட்டு, கொறைச்சல். யாராச்சும் இங்க போடுவாங்களா?”

பின்சீட்டில் கோழிக்கூடையோடு இருந்த பெரியவர் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். “இவன் சொட்டுக் கணக்கு பாத்து ஓட்டுற ஆளும்மா. இன்னைக்கி எறா பொட்டிய ஏத்துனதுல கணக்கு தப்பிப் போச்சு. வாங்க, அடுத்த கெவர்மென்டு வரைக்கும் தள்ளிருவம்.”

ஆறு பேர் தள்ளினோம். கோழிகள் மட்டும் உட்கார்ந்து வந்தன. என் வாழ்நாளில் நான் போன ஒரே வெளிதேசம் அதுதான். பாஸ்போர்ட் கேட்கவில்லை, வேர்வைதான் கேட்டார்கள்.

நான் கரூர்க்காரி. வயது ஐம்பத்திரண்டு. படிப்பு பத்தாவதோடு சரி. பல வருஷம் வீடுவீடாகக் கேபிள் டிவி சந்தா வாங்கப் போனேன். பேச்சு அங்கே வந்ததுதான். இப்போது, ஊர் வசதிகளைப் பற்றி மக்களின் கருத்தைக் கேட்டு எழுதும் ஒரு நிறுவனத்தில் வேலை. தண்ணீர் வருகிறதா, குப்பை எடுக்கிறார்களா, விளக்கு எரிகிறதா, வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள், இப்படி முப்பது கேள்வி. கடைசிக் கேள்விதான் முக்கியம்: உங்கள் தெருவில் ஒரே ஒரு வேலை செய்ய முடியும் என்றால், எதைச் செய்ய வேண்டும்? ஒரு தெருவில் அதிகம் பேர் எதைச் சொல்கிறார்களோ, நிதி ஒதுக்கும்போது அந்தத் தெருவுக்கு அதுவே பட்டியலில் முதலில் போகும். காரைக்காலுக்கு வழக்கமாகப் போகும் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்ததால் நாலு நாளைக்கு என்னை அனுப்பினார்கள்.

ஃபாரத்தில் பதில் எழுதும் கட்டம் தீப்பெட்டி அகலம்கூட இருக்காது. மக்கள் பேசுவது அதில் அடங்காது. அடங்காததை நான் பின்பக்கம் எழுதிவைப்பேன். அதை யாரும் படிப்பதில்லை என்று எங்கள் ஆபீசில் சொல்வார்கள். நான் படிக்கிறேன்.

பேருந்து நிலையத்தில் வாசுகி ஸ்கூட்டியோடு காத்திருந்தாள். போலகத்துக்காரி. நாற்பதைத் தொட்டிருப்பாள். புருஷன் விவசாயம், இவள் காப்பீட்டு முகவர். இடையில் கிடைக்கும் நாட்களில் எங்களுக்கு உள்ளூர்த் துணை. ஏறி உட்காருவதற்குள், “கோயம்புத்தூருங்களா?” என்றாள். கரூர் என்றேன். “எனக்கு எல்லாம் ஒண்ணுதாங்க்கா. மேக்கால உள்ளவங்க பேசுனா சக்கரைய அள்ளிக் கொட்டுன மாரி இருக்கும். அத வச்சே பாதி ஃபாரம் ரொம்பிரும்.”

முதல் நாள் டவுனுக்குள். அகலமான, நேரான தெருக்கள். சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் ஒரு சின்ன ஹோட்டலில் கொடுவா மீன் குழம்பு. எங்கள் ஊரில் மீன் என்றால் அது அணையிலிருந்து ஐஸில் படுத்து வரும். இங்கே பரிமாறிய அம்மா, “காலையில இருந்துச்சு உசுரோட” என்று சொல்லியே தட்டில் போட்டார். கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

அன்று மறக்க முடியாதவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். எண்பது தாண்டியவர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, வாசலில் பிரம்பு நாற்காலி. கருத்து என்றதும் கையை ஆட்டினார்.

“எனக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டிம்மா. இங்க ஓட்டு கெடையாது. என்கிட்ட கருத்துக் கேட்டு ஒங்களுக்கு என்ன லாபம்?”

ஃபாரத்தின் முதல் வரியைப் படித்துக் காட்டினேன். பதில் சொல்பவர் ஆறு மாதமாக இந்த வீட்டில் தங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஓட்டுப் பற்றி ஒன்றும் இல்லை.

“அப்புடியா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “கொசுவும் அதே நெபந்தனைதாம்மா வச்சிருக்கு. ஓட்டு இருக்கான்னு கேட்டுக்கிட்டா கடிக்குது? எழுதிக்கங்க.”

ஒன்றரை மணி நேரம் எழுதினேன். கடற்கரை நடைபாதைக்குப் பத்துக்கு ஒன்பது போட்டார். ஒரு மார்க்கை ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டதற்கு, “பத்து போட்டா அதோட விட்டுருவாங்க” என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தருமபுரத்தை ஒட்டி ஒரு தெரு. பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும். இருபத்தாறு வீடு. பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள், நடுவே நாலைந்து இந்துக் குடும்பங்கள். ஆண்களில் முக்கால்வாசிப் பேர் குவைத்தில்.

முதல் வீட்டில் கதவு பாதி திறந்தது. “வாங்கக்கா, உள்ள வந்து ஒக்காருங்க.” மின்விசிறி போட்டு, சர்பத்தும் கொடுத்துவிட்டுத்தான் அந்தச் சின்னப் பெண் எதிரில் உட்கார்ந்தாள். தெருவிளக்கு எரிகிறதா என்று கேட்டேன்.

“இருங்கக்கா, மச்சான்ட்ட கேட்டுக்கிறேன்.”

இந்தப் பக்கம் முஸ்லிம் பெண்கள் கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். போனில் மச்சான் வந்தார், வாயில் பிரஷ்ஷோடு. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை, அப்போதுதான் எழுந்திருக்கிறார்.

“லைட்டா? எரியாதுன்னு போடச் சொல்லு. நான் இருந்தப்ப எரியல.”

“இல்ல மச்சான், மாத்திட்டாங்க. புதுசா வெள்ள லைட்டு. நல்லா பளிச்சின்னு...”

“நீ சும்மா இரு. போன நோன்புக்கு முந்தின நோன்புல நான் அந்த இருட்டுலதான் கால இடிச்சிக்கிட்டேன்.”

வாசுகி என் தொடையைக் கிள்ளினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினேன். இரண்டாவது வீட்டிலும் மச்சான். மூன்றாவதிலும். ஒருவர் பரோட்டா பிய்த்துக்கொண்டே குப்பை வண்டிக்கு மார்க் போட்டார். ஒருவருக்குப் பின்னால் நாலு பேர் கட்டிலில் படுத்திருந்தார்கள். அவர்களும் இதே ஊர். ஆளுக்கொரு கருத்து சொன்னார்கள். எனக்கு அதில் ஒரே குஷி. கரூரில் உட்கார்ந்திருந்தால் குவைத்தில் பல் தேய்க்கிறவரிடம் பேசியிருப்பேனா? பின்பக்கமெல்லாம் எழுதி நிரப்பினேன். கடைசிக் கேள்விக்கு எல்லா மச்சான்களும் ஒரே பதில்தான்: சிமெண்ட் ரோடு. நன்றாக உயர்த்தி, கார் வந்து திரும்புகிற மாதிரி.

தெருவின் கோடி வீடு ஜமீலாவுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். சுவரில் மாட்டிய காலண்டருக்கு முன்னால் நேராக உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அதன் பிறகே போன் போட்டாள். அவள் கணவர் நெய்னா ஏ.சி. மெக்கானிக். பேச்சில் நல்ல மரியாதை. “ரோடு போட்டாத்தாங்க்கா வீட்டுக்கு மதிப்பு. அதையே எழுதிக்கங்க” என்றார். எழுதிக்கொண்டேன். போனை வைத்த ஜமீலா மெல்லக் கேட்டாள்.

“அக்கா, இதுல நான் தனியா ஒண்ணு சொல்லலாமா?”

“வீட்டுக்கு ஒரு ஃபாரம்தான் கண்ணு.”

“சரிக்கா. அப்ப அதுவே இருக்கட்டும்.”

விடைபெற்று வெளியே வந்தபோது வாசலில் தடுக்கி விழப் பார்த்தேன். வழக்கமாக வீட்டைவிட்டுக் கிளம்பினால் படி இறங்குவோம். அந்த வீட்டில் தெருவுக்கு வர மூன்று படி ஏற வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல், காலுக்கு மூன்று. ஃபிரிட்ஜ் சிமெண்ட் கல்லின் மேல் நின்றது. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு, அறை முழுக்கச் சுற்றி. காலண்டர் மாட்டியிருந்த சுவரில் மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

மூன்று படியும் இறங்கி மறுபடி உள்ளே போனேன்.

ஜமீலா அதைச் சொல்லத் தயங்கினாள். ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. மனை போட்டு விற்றவர் முதலில் தெருவை ஒரு தரம் உயர்த்தினாராம். பிறகு குவைத்தில் இருக்கும் தெரு ஆண்கள் ஒரு வாட்ஸப் குரூப் வைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று சேர்த்து, மண்ணும் கப்பியும் கொட்டி இன்னொரு தரம் உயர்த்தினார்கள். நெய்னாவும் பணம் போட்டார். அவர் கடைசியாக ஊருக்கு வந்துபோனது அதற்கு முன்னால், மூன்று வருஷம் முந்தி. மேட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஒன்றுமில்லை. கோடியில் இருக்கும் ஐந்து வீடுகள் பள்ளமாகிவிட்டன. ஐப்பசி, கார்த்திகையில் தெருத் தண்ணீர் முழுக்க இங்கேதான் வந்து இறங்குகிறது. வடிகால் கிடையாது.

“உன் வீட்டுக்காரருக்குத் தெரியாதா?”

“அங்க மொட்ட மாடி வெயில்ல நின்னு வேல பாக்குற மனுசங்கக்கா. இங்க தண்ணி வந்துருச்சின்னு சொன்னா ராத்திரி தூங்குவாங்களா? தண்ணி வர்ற நாள்ல கட்டில்ல ஏறி ஒக்காந்துக்குவேன். இந்தச் செவுரு தெரியிற மாரி போன வச்சுக்குவேன். நல்லாருக்கோம், நல்ல மழைன்னு சொல்லிருவேன்.”

“இப்ப இன்னொரு தரம் ரோட்டை உயர்த்தினால்?”

“வீட்டப் பூட்டிக்கிட்டு நாகூர்ல எங்க லாத்தா வீட்டுக்குப் போவணும். வேற என்ன?” என்றாள். லாத்தா என்பது அக்காள். “பாடுபட்டுக் கட்டுன வீடுக்கா. ஒரு ரூமு அவங்களே டிசைன் பண்ணாங்க, போன்லயே.”

எங்கள் ஊர் மேடுபள்ளமான பூமி. ஒரு வாளி தண்ணீரைக் கொட்டினால் தானே வழி கண்டுபிடித்து ஓடிவிடும். எங்களுக்கு முன்னால் அகலமாகப் போகிற காவிரி, இங்கே வரும்போது ஆறாக, வாய்க்காலாக, சின்னச் சின்னக் கன்னிவாய்க்காலாகப் பிரிந்து, தாம்பாளம் மாதிரி சமமான நிலத்தில் வந்து நிற்கிறது. இங்கே தண்ணீருக்குப் போகிற வழியை மனுஷன்தான் காட்ட வேண்டும். சாயந்தரம் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

லாட்ஜில் ஃபாரங்களை அடுக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. சொல்தாவுக்கு நானே படித்துக் காட்டிய முதல் வரி எல்லா ஃபாரத்திலும் இருந்தது. ஆறு மாதமாக இந்த வீட்டில் தங்கியிருப்பவர். நான் வெள்ளிக்கிழமை எழுதிய பதில்களில் பெரும்பகுதி, இந்த ஆறு மாதத்தில் அந்தத் தெருவில் ஆறு நாள்கூடத் தங்காதவர்களுடையது. வேடிக்கை பார்த்த சந்தோஷத்தில் வேலையைக் கோட்டை விட்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை திருச்சியில் இருக்கும் மேற்பார்வையாளருக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன். என் மகன் வயது.

“ஏம்மா, இத்தனை வருஷ அனுபவத்துல இப்படிப் பண்ணலாமா? குவைத்துக்காரங்க கருத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

“தப்புதாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் குடுங்க. திரும்ப எழுதித் தர்றேன்.”

“இன்னைக்குப் பூவம் இருக்கே?”

“அதையும் முடிச்சுடறேனுங்க.”

சொல்லிவிட்டேனே ஒழிய, அன்று சனிக்கிழமை. திருநள்ளாறு போகிற கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. வடக்கு எல்லையில் இருக்கும் பூவத்துக்குப் போகும் வழியில் ஸ்கூட்டி பஞ்சர். வாசுகி வண்டியைத் தள்ள, நான் ஃபாரக் கட்டைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு ஐஸ் லாரிக்காரர் ஸ்கூட்டியையும் எங்களையும் ஏற்றிக்கொண்டார். பூவத்தில் இறங்கியபோது என் புடவைத் தலைப்பு விறைத்திருந்தது.

அங்கே ஒரு விவசாயிக்கு எங்கள் கேள்விகளே பிடிக்கவில்லை. “ரோடு, லைட்டு, தண்ணி. இதெல்லாம் கேக்குறீங்க. வாய்க்கா தூர் வாருனாங்களான்னு ஒரு கேள்வி இருக்கா?” இல்லை என்றேன். “அப்ப பின்னாடி எழுதுங்க.” எழுதினேன். திரும்பும் வழியில் சூடாக வாடா வாங்கிச் சாப்பிட்டோம். அரிசி மாவில் இறாலை வைத்துப் பொரித்த பண்டம். முதல் கடியில் நான் கண்ணை மூடியதைப் பார்த்து, “கரூர்ல போயி இத சொல்லாதீங்க. அப்பறம் அங்கேருந்து பஸ் விட்டுருவாங்க” என்றாள் வாசுகி.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தவள், “நாளைக்கி அவங்கள்ட்ட என்னன்னு கேப்பீங்க? புருஷன் சொன்னதையேதான் சொல்லுவாங்க” என்றாள்.

“நீ சொல்லு, எப்படிக் கேட்கலாம்?”

“கருத்து கருத்துன்னு சொல்லாதீங்க. அந்த வார்த்தையக் கேட்டாலே ஆம்பளைங்களக் கூப்புடத் தோணும். அரட்ட அடிக்கிற மாரி கேளுங்க.”

ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் செய்தோம். விளக்கைப் பற்றிக் கேட்காமல், நேற்று இருட்டியதும் கடைக்குப் போனது யார் என்று கேட்டோம். குப்பை வண்டி என்று கேட்காமல், அதன் பாட்டுச் சத்தம் வந்ததும் வாளியோடு ஓடியது யார் என்று கேட்டோம். அந்தச் சின்னப் பெண் புது விளக்குக்குப் பத்துக்குப் பத்து போட்டாள். போட்டுவிட்டு, “மச்சான்ட்ட சொல்லிராதீங்க” என்றாள்.

மேட்டு வீடுகளில் பாதிக்கு மேல், தங்கள் வாயாலேயே, ரோடுதான் வேண்டும் என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. ஆயிஷா லாத்தா என்று எல்லோரும் கூப்பிடும் ஐம்பது வயது அம்மாள் தன் முழங்கையைக் காட்டினார். ஜல்லி பெயர்ந்த இடத்தில் பேரனோடு ஸ்கூட்டி சறுக்கிய தழும்பு. “எங்க மச்சான் கார் திருப்புறதுக்குக் கேட்டாரு. நான் கை உடையாம இருக்குறதுக்குக் கேக்குறேன். ரெண்டும் ரோடுதான். ஆனா எழுதும்போது என் கைக்குன்னு எழுதுங்க.”

எனக்கு ஆச்சரியம் பள்ளத்து வீடுகள்தான். ஜமீலாவின் வீட்டை விட்டால் இன்னும் நாலு வீடு. அங்கேயும் கட்டில் செங்கல் மேல் நின்றது. ஒரு வீட்டில் கேஸ் அடுப்பே அலமாரி உயரத்தில் இருந்தது. தண்ணீர் வருமா என்று கேட்டால், “அப்பப்ப லேசா” என்பார்கள். என்ன வேலை வேண்டும் என்றால் தரையைப் பார்த்துக்கொண்டு, “ரோடே இருக்கட்டும்.” எனக்குப் புரியத் தாமதமாயிற்று. வடிகால் என்று சொன்னால் தெருவில் பேச்சாகும். பேச்சானால் குவைத்துக்குப் போகும். இத்தனை வருஷமாகச் சொல்லாததை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். ஐந்து பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஜமீலா வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். எண்ணிக்கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சொல்லக் கூடாதுதான், என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அப்ப என் ஒரு ஃபாரத்தால ஒண்ணும் ஆவாது.”

“ஆகாதுதான். ஆனா இந்த ஃபாரம் உன்னுது. உன் பேர் போட்டு நீ சொல்றது.”

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். “அவங்களுக்குத் தெரியாம அவங்களுக்கு எதிரா எழுத முடியாதுக்கா. எழுதுறதுன்னா சொல்லிட்டு எழுதணும். ரெண்டரைக்குக் கூப்புடுவாங்க, சாப்பாட்டு நேரம். இருந்து சாப்புடுங்க.”

நெய்ச்சோறும் தாளிச்சாவும். நான் சாப்பாட்டில் கவனம் தவறுகிறவள் அல்ல; அன்று ருசி நினைவில்லை. வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வாசுகி மட்டும் இரண்டாம் முறை தாளிச்சா கேட்டாள்.

ரெண்டரைக்குப் போன் மணி அடித்தது. ஜமீலா வழக்கம்போல் காலண்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். நெய்னா தொப்பியும் வேர்வையுமாகத் தெரிந்தார். சாப்பிட்டாயா, என்ன சமையல் என்று இரண்டு வார்த்தை. அப்புறம் அவள், “மச்சான், ஒண்ணு காட்டுறேன். கோவப்படக் கூடாது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனைத் திருப்பினாள்.

கட்டில் காலைக் காட்டினாள். ஃபிரிட்ஜைக் காட்டினாள். அந்தப் பழுப்புக் கோட்டின் மேலேயே போனை நகர்த்திக்கொண்டு அறையைச் சுற்றி வந்தாள். வாசலுக்குப் போய் மூன்று படிகளையும் காட்டி நின்றாள்.

“எத்தன வருசமா?” என்றது போன்.

“ரெண்டு மழ. இது மூணாவது.”

“நான் காசு போட்டு ஏத்துனனே, அந்த ரோட்டாலயா?”

ஜமீலா போனை உயர்த்தித் தெருவின் மட்டத்தைக் காட்டினாள்.

“அடிப்பாவி. என்கிட்ட சொல்லாம வேற யார்ட்ட சொல்லுவ? நான் என்ன இந்த ஊட்டுக்கு விருந்தாளியா?” தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்த அக்கா இருக்காங்களா? போனக் குடு.”

வாங்கினேன்.

“அக்கா, வெள்ளிக்கிழமை நான் சொன்னத அடிச்சிருங்க.”

“அடிக்கறதுக்கு ஒண்ணுமில்லைங்க. அந்த ஃபாரமே செல்லாது. இப்ப உங்க வீட்டம்மாதான் சொல்லோணும்.”

“அதான் சரி” என்றார். “அவ சொல்லட்டும். நான் பசங்கள்ட்ட பேசிக்கிறேன்.”

ஜமீலா ஒரு சொல் எழுதினாள்: வடிகால். கீழே தன் பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் எழுதினாள். நாங்கள் படி ஏறி வெளியே வந்தோம்.

பசங்களிடம் பேசிக்கொள்கிறேன் என்றால் என்ன என்று தெருவில்தான் தெரிந்தது. நெய்னா தான் போனில் பார்த்ததைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டிருந்தார். முதலில் எதிர்வீட்டில் போன் அடித்தது. அப்புறம் பக்கத்து வீடு. பிறகு தெரு பூராவும். ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் அரைகுறையாகக் கேட்டது. “இல்ல மச்சான், நம்ம வீட்டுல இல்ல.” “சொன்னா நீங்க டென்சன் ஆவீங்க.” “லேசா வந்துச்சு... லேசான்னா, பாயி நனையிற அளவு.” “சரி, முட்டி வரைக்கும். போதுமா?”

கொஞ்ச நேரத்தில் பள்ளத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரும் எங்கள் ஸ்கூட்டியைச் சுற்றி நின்றார்கள். ஃபாரத்தைத் திருப்பிக் கேட்டார்கள். நான் புது ஃபாரம் எடுத்தேன்.

“இப்பவும் வீட்டுக்காரர் சொல்லித்தானா?” என்று கேட்டுவைத்தேன்.

“அவரு இன்னும் திட்டி முடிக்கலக்கா. நான் போன வெட்டிவிட்டுட்டு வந்துருக்கேன்” என்றாள் ஒருத்தி.

அப்படியும் ரோடு மூன்று வீட்டால் முன்னால் இருந்தது. ஆயிஷா லாத்தா குடையோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். பள்ளத்துப் பெண்களை ஒரு பார்வை பார்த்தார். “பக்கத்துலயே இருந்துக்கிட்டு எங்கள்ட்டகூட சொல்லலியேடி. நாங்க என்ன உங்க மாமியாரா?” என்று முதலில் ஒரு பாட்டம் வைதார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, மேல மேல கொட்டாம, இருக்குறதத் தோண்டி எடுத்துட்டு, ஓரத்துல வடிகா கட்டிட்டு, அதுக்கப்பறம் ரோடு போட்டா எனக்கு என்ன கசக்குதா? அப்புடி எழுத உங்க கட்டத்துல எடம் இருக்கா?”

“கட்டத்துல இல்லைங்க. பின்பக்கம் இருக்கு.”

“பின்ன எழுதுங்க. முன்னாடி வடிகான்னு போட்டுருங்க.”

அவருக்குப் பின்னால் மேட்டு வீடுகளிலிருந்து இன்னும் ஐந்தாறு பேர் வந்து மாற்றிக்கொண்டார்கள். எல்லோரும் அல்ல. நாலைந்து பேர் கடைசிவரை ரோடுதான் என்றார்கள். அதையும் அப்படியே எழுதினேன். தூறல் விழுந்தது. வாசுகி ஃபாரங்களை ரவிக்கைத் துணி வாங்கிய பிளாஸ்டிக் பையில் போட்டுச் சீட்டுக்கு அடியில் பூட்டினாள்.

திருச்சியில் கொடுத்தபோது மேற்பார்வையாளர் முன்பக்கத்தைப் புரட்டிவிட்டு, நான் நின்றுகொண்டே இருந்ததால், பின்பக்கத்தையும் படித்தார். “இதைத் தனியா டைப் பண்ணி வச்சு அனுப்பலாம்மா” என்றார்.

நான் ஊர் திரும்பி, தீபாவளி முடிந்து, கார்த்திகையில் ஒரு நாள் ஜமீலாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. பட்டியலில் வடிகால் முதலில் ஏறியிருக்கிறதாம். மட்டம் பார்க்கும் ஆட்கள் வந்தார்களாம்; கோடுபோட்ட அளவுகோலை நடுத்தெருவில் வைக்காமல், அவள் வீட்டு வாசலில் வைத்துத்தான் முதலில் அளந்தார்களாம். வேலை தை பிறந்துதான். நடுவே இந்த வருஷ மழை வந்துவிட்டது, தண்ணீரும் வந்துவிட்டது. மற்றதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“மேட்டு வீட்டுலேருந்து வந்து சாமானத் தூக்கிக் குடுத்தாங்கக்கா, ஆயிஷா லாத்தா மவன் மோட்டார் வச்சு எறைச்சுது. ஆனா குவைத்துலேருந்து இவங்க தொல்லதான் தாங்கல. போனத் திருப்பு, ஃபிரிட்ஜக் காட்டு, பிளக்கப் புடுங்குனியா, கட்டில நவுத்து, இல்ல அந்தப் பக்கம் நவுத்துன்னு அங்க ஒக்காந்துக்கிட்டு ஒரே அதிகாரம். முட்டித் தண்ணியில நின்னுக்கிட்டு நான் எத்தனையத்தான் காட்டுறது? சொல்லாம இருந்தப்பவே நிம்மதியா இருந்தேன்.”

அதோடு செய்தி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இன்னும் நாலு நொடி ஓடியது. தண்ணீரைக் காலால் அளைகிற சத்தம், தூரத்தில் இன்னொரு போனிலிருந்து கரகரவென்று நெய்னாவின் குரல், “யார்ட்ட என்னப் பத்திப் பேசுற?” என்று. அவள் சிரித்துக்கொண்டே அணைத்திருக்கிறாள்.